வெந்த பருக்கை

எஸ்டேட் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒன்பது பேர் குந்தியிருந்தார்கள். பெருவெள்ளம் வந்து போன இரண்டாம் ஆடி. மழை எட்டு நாளாக விடவில்லை. ஆறாவது ஆளாகச் செபமாலையம்மாள். முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவள். மூன்று வாரமாக வயிற்றுப்போக்கு.

மருந்து கொடுக்கும் டிரசர் யாக்கோபுவிடம் இருந்தது ஒரே சீசா. காய்ச்சலுக்கும் அதுதான், வயிற்றுக்கும் அதுதான்.

"சோத்த நல்லா மென்னு திங்கணும்."

அவள் வாயைத் திறந்து காட்டினாள். கீழே இரண்டு பல், மேலே ஒன்றுமில்லை. "எத வச்சு மெல்ல, டாக்டரய்யா? ஒங்ககிட்ட இருந்தா ரெண்டு கடனாக் குடுங்க."

தாழ்வாரம் இருமிக்கொண்டே சிரித்தது.

"அப்பக் கொழைய வேக வையி."

"எஸ்டேட்டுல போடுத அரிசி கூழாங்கல்லுல்லா! இந்தக் குளிருல, ஈர வெறகுல, எங்க வேகும்? தெனமும் அரவேக்காட்டத்தான் முழுங்குதேன்."

"வெறகுக்கு இங்க மருந்து இல்ல," என்று யாக்கோபு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

காய்ந்த விறகு ஓரிடத்தில்தான் இருந்தது. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைத் துரை பங்களாவுக்கென்று கொட்டகையில் அடுக்கியிருந்தார்கள். அன்று சாயங்காலமே கம்பளிக்குள் ஒரு கட்டோடு வெளியே வந்தவளைக் கங்காணி நல்லதம்பி பிடித்துக்கொண்டார்.

"முப்பது வருசம் தின்ன உப்பு எங்கட்டி போச்சு?"

"வயித்தால போயிட்டு, கங்காணியாரே."

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும்போது அவளுக்கு அரைப்பேர். அரைக் கூலி, அரை அரிசி. வேலையும் மாறியது: களவாண்ட கை அதே குச்சியைப் பங்களா அடுப்புக்குச் சுமக்க வேண்டும்.

"அரிசி பாதின்னா வெறகும் பாதி போதும்லா," என்றாள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

பங்களா அடுக்களையில் சமையல்காரன் சங்கையா ஆட்டெலும்பு போட்டுச் சோறு கிண்டிக்கொண்டிருந்தான். அவள் சுமையை இறக்கிவிட்டு அடுப்பில் கையைக் காட்டிக் குளிர்காய்ந்தாள்.

"யாருக்குய்யா விருந்து?"

"தொரயோட நாய்க்கு, அக்கா. பதிமூணு வயசாச்சு. ஒரு பல்லு கெடையாது. பருக்க முழுசாத் தட்டுப்பட்டா என் தோல உரிச்சிருவாரு."

"வேட்டைக்குப் போவுதா?"

"எங்க? படுத்தே கெடக்கு."

"அதுக்கு முழுப்பேருதான?"

சங்கையா அகப்பையை நீட்டினான். "வெந்துட்டான்னு பாரு."

ஒரு பருக்கையை எடுத்து ஈறுகளுக்கு நடுவே வைத்தாள். அழுத்துமுன் கரைந்துவிட்டது.

"என்னக்கா?"

"இன்னும் செத்த வேகட்டும். பல்லில்லாத சீவன், பாவம்." ஒரு குச்சியை உள்ளே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள். "இன்னொன்னு குடு. சரியாத் தெரியல."

கொடுத்தான். மறுபடியும் நீட்டினாள். அதையும் கொடுத்தான். நாலாவது தரம் அவள் கை நீளும்போது உள்ளே மணி அடித்தது. அவன் பானையை இறக்கிக்கொண்டு போனான்.

அவள் நீட்டிய கை அப்படியே இருந்தது. அடுப்பில் குச்சிகள் புகையே இல்லாமல் எரிந்துகொண்டிருந்தன.