சாய்ந்த ஊரில் ஒரு பேக்கரி

பெரிய ரொட்டிக் கம்பெனிக்கு நிலமும் தண்ணீரும் மின்சாரமும் இலவசம் என்று அரசாங்கம் அறிவித்த மறுநாள், ஊர் அந்தக் கம்பெனியின் வாசலை நோக்கிச் சாய்ந்தது. பெரிய சாய்வு என்று சொல்ல முடியாது. கைதவறிய வெங்காயம் உருண்டு தெருவுக்குப் போகும், அவ்வளவுதான். வரித் தள்ளுபடி வந்தபோது இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. கம்பெனிக்கென்று தனிச் சாலை போட்டுக் கொடுத்தபோது, குழாய்த் தண்ணீர் நேராக விழுவதை விட்டுவிட்டுக் கம்பெனிப் பக்கமாக வளைந்து விழுந்தது. ஜனங்கள் வாளியைச் சற்றுத் தள்ளி வைத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

கஷ்டமெல்லாம் பேக்கரியக்காவுக்குத்தான். அந்தக் கடையை விட்டால் அவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் வேறு பிழைப்புக் கிடையாது. மேட்டு வீடுகளிலிருந்து இறங்கும் எல்லோரும் அவள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் நிற்க நினைத்தவர்களுக்கும் கால் நிற்கவில்லை. "நாளைக்கு வாங்கிக்கிறேன்க்கா" என்று கத்திக்கொண்டே வழுக்கிப் போய்க் கம்பெனிக் கடையில் நின்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, பாவம்.

அக்கா சும்மா இருக்கிற ரகம் இல்லை. வீட்டுக்காரர் இடுப்பு பிடித்துக்கொள்ளும்வரை கொத்தனார் வேலை பார்த்தவர். அடுப்பு, மேஜை, தரை என்று ஒன்றுவிடாமல் செங்கல் கொடுத்துத் தூக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, இருவருமாகக் கடையைக் கடுகளவும் பிசகாமல் சமமாக்கினார்கள். அங்கேதான் தப்பு நடந்துவிட்டது. சாய்ந்தே நடந்து பழகியவர்களுக்குச் சமதளம் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே கால் வைத்ததும் தலை சுற்றியது. தபால்காரர் பன் அலமாரியின் மேலேயே விழுந்தார். "கடையைக் கோணலா கட்டி வெச்சிருக்கீங்களேக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அக்காவுக்கு அன்றைக்குத்தான் அழுகை வந்தது.

தொழில் துறை அலுவலகத்துக்குப் போய் முறையிட்டாள். அதிகாரி நல்ல மனுஷர்தான். நாற்காலியோடு வழுக்கிப் போய்க் கம்பெனிப் பக்கத்துச் சுவரோடு ஒட்டிக் கிடந்தார். அங்கிருந்தபடியே பேசினார்.

"சாய்வெல்லாம் ஒண்ணுமில்லம்மா. எங்க கருவி சமம்னுதான் காட்டுது. முதலாளித்துவம்னா இதுதான். திறமை இருக்கிறவன் ஜெயிக்கிறான்."

"நானும் முதலாளிதாங்க சார். சொந்த அடுப்பு, சொந்தக் கை. அப்புறம் எனக்கு மட்டும் ஏன் மேடா இருக்கு?"

மேஜையிலிருந்து உருண்ட பேனாவைத் தேடிக்கொண்டு வெளியே போன அதிகாரி அன்று திரும்பவே இல்லை.

கடைசியில் அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கம்பெனியில் வேலை கேட்கக் கிளம்பினாள். போவதற்குச் சிரமமே இல்லை. செருப்பே அவளை வாசலில் கொண்டுபோய் விட்டது. மறுநாள் காலையே வேலைக்கு வரச் சொன்னார்கள். திரும்பும்போது ஷிப்ட் முடிந்த கூட்டம் முழுவதும் அவளோடு ஏறியது. சுவரைப் பிடித்தும் ஜன்னல் கம்பியைப் பிடித்தும் ஏறினார்கள், சிலர் தவழ்ந்தார்கள். கம்பெனி ரொட்டியைச் சுமக்க மாட்டாமல் வழியிலேயே கீழே போட்டார்கள். அது உருண்டு கம்பெனிக்கே போய்ச் சேர்ந்து, மறுநாள் மறுபடியும் விற்பனைக்கு வந்தது. இதற்கு மேல் முடியாது என்று அத்தனை பேரும் மூச்சு வாங்க உட்கார்ந்த இடம், அக்காவின் கடை வாசல்.

"ஏதாவது இருக்காக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

அக்கா உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை.

இப்போதெல்லாம் சாயங்காலம் மட்டும்தான் கடை. யாரும் உள்ளே வர வேண்டியதில்லை; படியில் உட்கார்ந்து சூடான பன்னைத் தின்று, தெம்பு வந்ததும் மேலே ஏறுகிறார்கள். ஊர் இன்னமும் சாய்ந்துகொண்டுதான் இருக்கிறது. வானொலியில் செய்தி வந்தால் அக்கா காது கொடுத்துக் கேட்கிறாள்.

"என்னங்க, கம்பெனிக்குப் புதுசா ஏதோ சலுகையாம். ஜனங்க இன்னும் களைச்சு வருவாங்க. மாவைக் கொஞ்சம் சேர்த்தே பிசைங்க."