மாப்பிள்ளைக் கிணற்றின் ஓய்வு நேரம்

ஆறாம் கிணற்றுக்கு அக்கா வைத்திருந்த பெயர் மாப்பிள்ளை. காலையில் ஆறு மணி நேரம் வேலை, மீதி நேரமெல்லாம் படுக்கை. அப்படிப் படுத்திருக்கும்போதுதான் பாறைக்குள்ளிருந்து எண்ணெய் ஊறிவந்து சேரும். விடாமல் ஓட்டினால் எண்ணெய்க்குப் பதிலாக வாயு வந்து பம்பில் அடைத்துக்கொள்ளும்.

தம்பிக்கு இது தெரியாததல்ல. கடல் தாண்டி வேலைக்கு வந்து, ஒரு வருடமாக அக்காவின் ஆறு கிணறுகளையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். பெரிய கம்பெனி ஒன்று கட்டுப்படியாகாது என்று கைகழுவிவிட்டுப் போனவை அவை.

இப்போது புது உத்தரவு: ஒரு நாளைக்கு ஐந்து பீப்பாய் தராத கிணறுகளுக்குள் சிமென்ட் ஊற்றி மூடிவிட வேண்டும். அந்த விளிம்பில் நிற்பது மாப்பிள்ளைதான்; அதை அளந்து பார்க்க அரசு அதிகாரி வரப்போகிறார். மாப்பிள்ளை போய்விட்டால் வாரத்துக்கு ஒரு டேங்கர் நிறையாது. நிறையாவிட்டால் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து லாரி வராது. மற்ற ஐந்தும் தானாகப் படுத்துவிடும், தம்பி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்தப் பயம் அவன் கையைக் கட்டிப்போட்டது. சோதனைக்கு முந்தின நாள் மதியம் நிறுத்த வேண்டிய இயந்திரத்தை அவன் நிறுத்தவில்லை. அதிகாரி வரும்போது ஓடிக்கொண்டிருந்தால் நல்லதுதானே என்று நினைத்தான்.

காலை ஒன்பது மணிக்கு அதிகாரி கிணற்றின் எண்ணெய்த் தொட்டிக்குள் அளவு நாடாவை இறக்கி அளவைக் குறித்துக்கொண்டார். "நாளைக்கு இதே நேரம் மறுபடி அளப்பேன்" என்றார். அவர் வாய் மூடவில்லை, இயந்திரம் டொக், டொக் என்று இடிக்க ஆரம்பித்தது. எண்ணெய் இல்லாமல் வெறும் பம்பு அடிக்கும் சத்தம்.

அக்கா டீ கப்போடு ஆபீஸிலிருந்து ஓடிவந்தாள். "மாப்பிள்ளைய யாரு தூங்க விடாம பண்ணது?"

"நான்தான்க்கா. நேத்திலேர்ந்து ஓடுது. நெறைய வரும்னு..."

"வந்தது எங்கடா?"

தம்பி தொட்டியைக் காட்டினான். அதிகாரி அளப்பதற்கு முன்பே உள்ளே போய்விட்ட எண்ணெய். இனி அதில் ஒரு சொட்டும் கணக்கில் சேராது.

"அடப்பாவி! பரீட்சைக்கு முந்தின நாளே போய் எழுதிட்டு வந்திருக்கியே!"

இயந்திரத்தை நிறுத்தினாள். சுவிட்சுப் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"திட்டிடுங்கக்கா."

"அது நிதானமா திட்டுறேன். மூஞ்சியப் பாரு, வத்திப்போயி. மொதல்ல எதாவது சாப்பிடு."

அதிகாரி பேனாவை எடுத்தார். "நிறுத்திட்டீங்களே, தோத்துட்டதா எழுதிக்கவா?"

"சார், ஒரு நாள்ல எவ்வளவு வருதுன்னுதானே ஒங்க பேப்பர் கேக்குது? மெஷின் நாள் முழுக்க ஓடணும்னு எங்க இருக்கு?"

அவர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். இல்லை.

மூவரும் ஆபீஸில் காத்திருந்தார்கள். தம்பி நிமிடத்துக்கொரு முறை ஜன்னலை எட்டிப் பார்த்தான். "பாத்தா சீக்கிரம் ஊறாதுடா, உக்காரு" என்றாள் அக்கா.

"ஏம்மா, அஞ்சு பீப்பாய்க்கு இவ்வளவு பாடா?" என்றார் அதிகாரி. "ஒரு எண்ணெய்க் கப்பல் வந்தா லட்சக்கணக்குல எறங்குது."

"போன வருஷம் கப்பல் வரலியே, அப்ப என்ன பண்ணீங்க?"

"மூணு நாள் வரிசைல கார தள்ளிக்கிட்டே நகந்தேன். நாலாம் நாள் பத்து லிட்டர் பெட்ரோல் குடுத்தான்."

"அதுல ஒரு ஸ்பூனாவது எங்க மாப்பிள்ளையோடது சார். எங்கள மாதிரி சின்ன ஆளுங்க அனுப்பினதுதான் அந்த வாரம் ஆலைய ஓட்டுச்சு."

அதிகாரி இன்னொரு டீ கேட்டார்.

மதியம் மூன்று மணிக்கு அக்கா இயந்திரத்தைப் போட்டுவிட்டுக் குழாயில் காதை வைத்தாள். வெறும் சீறல். கொஞ்சம் பொறுத்து, கரகரவென்று ஏதோ புரண்டது. "எழுந்துட்டான்!" சத்தம் மாறும் வரை ஓட்டினாள், நிறுத்தினாள். விடியும் வரை இப்படியே ஓட்டமும் ஓய்வும்.

மறுநாள் ஒன்பது மணிக்கு நாடாவை இறக்கச் சொல்லித் தம்பியிடமே கொடுத்தாள். அவன் அவசரமாக இறக்கியதில் நாடாவின் நுனியிலிருந்த இரும்புக் குண்டு தொட்டியில் மோதி டிங் டிங் என்றது. மேலே எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார், கணக்குப் போட்டார். "அஞ்சேகால்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவருடைய கார் திரும்பியதும் அக்கா சாவியைத் தம்பியிடம் வீசினாள். பிடித்த கையோடு அவன் சுவிட்சுப் பெட்டியை நோக்கி நடந்தான்.

"டேய், எங்க போற? அவன் கொஞ்சம் படுத்திருக்கட்டும். நீயும் போய்ப் படு."