சாரம்னா இன்னா சார்?

“எங்கம்மா பேரை அந்தப் புத்தகத்துல போடணும் மேடம். அடிக்குறிப்புல இல்ல, முன்பக்கத்துல.”

பட்டம் கைக்கு வரும்வரை இதை மட்டும் கேட்டுவிடாதே என்று உடன் படிக்கும் சாம் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தான். எழுத்தில் புகார் கொடுத்தது போதாதென்று, முதல்வர் அறைக்குள் நுழைந்ததுமே அன்பரசி கேட்டுவிட்டாள்.

மாமல்லபுரம் சாலையில் இருந்த அந்த இறையியல் கல்லூரியில் நீதியும் அறநெறியும் பாடம் எடுக்கும் பேராசிரியர் பெஞ்சமின், முதல்வருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவருடைய புதுப் புத்தகம் மேசையில் பளபளத்தது. ஏழாம் அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு ஜெபம்: ‘ஆண்டவரே, மேஸ்திரி மாதிரி கீழ நின்னுகினு கத்தாத. சாரத்து மேல ஏறி வா.’

படூரில் அடுக்குமாடிக் கட்டட வேலைக்குப் போகும் சித்தாள் சந்திரம்மா, அன்பரசியின் அம்மா, தினமும் சொல்லும் ஜெபம் அது. அன்பரசி அதைத் தன் ஆய்வேட்டில் எழுதித் திருத்தக் கொடுத்தது இதே பெஞ்சமினிடம்தான்.

“களஆய்வுல பல பேர் சொன்னதும்மா. உழைக்கிற ஜனங்களுக்குப் பொதுவான ஜெபம்” என்றார் அவர், புன்னகை குறையாமல்.

“அப்போ சாரம்னா இன்னா சார்?”

“வாழ்க்கையின் சாரம். உட்பொருள். ரெண்டு பக்கம் விளக்கியிருக்கேனே.”

அன்பரசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“சவுக்குக் கம்பைக் கட்டி, மேல நின்னுகினு பூசுவாங்களே, அது சார் சாரம். உங்க வூட்டுக்கும் கட்டியிருப்பாங்க. அதுல இருந்து வுயுந்துதான் எங்கம்மாவுக்குக் கால் ஒடஞ்சுது. அப்புறம் வந்த ஜெபம் இது. நீங்க யாரைப் போய்க் கேட்டீங்க?”

பெஞ்சமின் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். முதல்வர் ஷாரோன் ஒரு தாளை நீட்டினார்.

“புகாரை வாபஸ் வாங்கறேன்னு கையெழுத்துப் போடு. அடுத்த பதிப்புல ‘ஒரு மாணவிக்கு நன்றி’ன்னு போடச் சொல்றேன். உங்க வீட்டுல முதல் பட்டதாரி நீ, கெடுத்துக்காத. மன்னிக்கிறதும் ஊழியம்தான்மா.”

“யாராச்சும் கேட்டாதானே மேடம் மன்னிக்க முடியும்? இன்னும் ஒருத்தரும் கேக்கலியே.”

தாளை அப்படியே அவர் பக்கம் தள்ளினாள்.

“ஆய்வேட்டையும் புத்தகத்தையும் காலையிலயே யுனிவர்சிட்டிக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன். சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

“பட்டம் நின்னுபோயிடும், அன்பரசி!”

“நிக்கட்டும்.”

வாசல்வரை போனவள் பெஞ்சமினைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏழாம் அத்தியாயத்தை மாத்தி எழுதறப்போ எங்கம்மாவையே வந்து கேளுங்க சார். படூர்ல மூணாவது மாடி வேலையில கீது. இன்னும் படி கட்டல. சாரத்து மேலதான் ஏறி வரணும்.”

கதவைச் சாத்தாமலே வெளியே நடந்தாள்.