காரணம் எண் மூன்று

பெண் பிள்ளைகள் இல்லத்தில் அவளுக்கு விடுதிக் காப்பாளர் என்று பதவி. பிள்ளைகள் வைத்த பெயர் டிக்கம்மா. சனிக்கிழமைகளில் பார்வையாளர் கூடத்தின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாரைப் பார்க்க யார் வந்தார்கள் என்று நோட்டில் டிக் போட்டுக்கொண்டே இருப்பதால் வந்த பெயர். நீதிபதி உத்தரவில் வந்து சேர்ந்த முப்பத்தொரு பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். ஒருத்திக்கும் பதினெட்டு முடியவில்லை.

நான்கு வருஷம் டிக் போட்டதில் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. வீட்டிலிருந்து ஆள் வந்துபோன வாரத்தில் பிள்ளை சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிவதில்லை, அடுத்தவள் முடியைப் பிடித்து இழுப்பதில்லை. வராத வாரத்தில் இரண்டும் நடக்கும். இதைக் கண்காணிப்பாளரிடம் சொன்னபோது, "இது எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கே தெரியும்" என்றார். அதே நோட்டுகளைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் வாங்கிப் போய், இரண்டு வருஷம் ஊறவைத்து, கோடும் கட்டமுமாக ஏழு நிறத்தில் படம் போட்டுக் கொண்டுவந்து, 'குடும்பத் தொடர்பு மறுகுற்றத்தைக் குறைக்கிறது' என்றார். கண்காணிப்பாளர் எழுந்து நின்று கைதட்டினார். பாத்திரம் தேய்க்கும் அம்மாவிடம் ஏழு நிறம் இல்லை, பாவம்.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளை அடித்துத் திருத்தலாம் என்ற காலத்து ஆட்களோடு சண்டை போட்டு, பிரம்பை அலமாரியிலிருந்தே அகற்றவைத்தவர் அவர்தான். ஆனால் தாளில் கட்டம் போட்டுவிட்டால் உலகம் அந்தக் கட்டத்துக்குள் காலை மடக்கி உட்கார்ந்துகொள்ளும் என்று நம்பினார். வாசலுக்கு ஒரு புதுப் பதிவேடு அச்சடித்துக் கொடுத்தார். சந்திப்பு நடக்காவிட்டால் காரணத்தை எண்ணால் குறிக்க வேண்டும். ஒன்று, பிள்ளை நீதிமன்றம் போயிருக்கிறாள். இரண்டு, உடம்பு சரியில்லை. மூன்று, பிள்ளை பார்க்க மறுத்துவிட்டாள். கட்டத்தைக் காலியாக விடக்கூடாது. எழுதிய காரணத்தைக் குடும்பத்தாருக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். இந்தக் கடைசி விதியில் அவருக்குத் தனிப் பெருமை. "வெளிப்படைத்தன்மை" என்பார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

அந்த மூன்றாம் எண்ணை வாரம் தவறாமல் வாங்கிப் போனவர் தண்ணீர் லாரி ஓட்டுநர். முள்ளுவின் அப்பா. தொட்டால் குத்துவாள் என்பதால் அவளுக்கு முள்ளு. பதினாறு வயது. சினேகிதிகள் இருவரோடு சேர்ந்து கைப்பேசிக் கடை ஒன்றின் பூட்டை உடைத்தாள். விஷயம் தெரிந்ததும் அப்பாவே கையைப் பிடித்துக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார். இரண்டு நாள் வைத்து மிரட்டித் திருத்தி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாராம். அளவு கொடுத்துவிட்டு வந்து தைத்து வாங்கிக்கொள்ள அது தையற்கடையா? எட்டு மாதம் என்றார் நீதிபதி.

பதினொரு சனிக்கிழமை வந்தார். மதில் ஓரம் லாரியை நிறுத்துவார். தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். பதினொரு முறையும் முள்ளு வரமாட்டேன் என்றாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாசல் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். சந்திப்பு நேரம் அரை மணி. அதை வீணாக்க மனசில்லாதவர் மாதிரி.

பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு நாள் டிக்கம்மா முள்ளுவுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சனிக்கிழமையாவது வாயேன்டி. அரை மணி நேரந்தானே."

"எதுக்கு? இன்னொரு தடவ பிடிச்சுக் குடுக்கவா?"

"பேச வேணாம். சும்மா உக்காரு. மூஞ்சிய சுவத்துப் பக்கம் வேணாலும் திருப்பிக்கோ."

"சுவத்த பாக்க அவரு எதுக்கு? இங்கயே நாலு இருக்கே."

"இந்தச் சுவத்துக்கெல்லாம் நெஞ்சு வலிக்காது. உங்கப்பாவுக்கு வலிக்குதாம். மாத்திரை போடுறாராம். வாசல்ல சொல்லியிருக்கார்."

முள்ளு தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "நெஞ்சு வலியோட எவன் அவர லாரி ஓட்ட விட்டான்?" என்றாள், யாரோ மூன்றாம் மனிதர் மேல் கோபம்போல. "சரி, வரேன். ஒண்ணு கேக்கணும் அவர."

"என்ன கேக்கணும்?"

"உங்ககிட்ட சொன்னா டிக் போட்டுடுவீங்க. போங்க."

டிக்கம்மாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. மறுநாள் சுற்றறிக்கை வந்தது.

'குடும்பத் தொடர்பை வலுப்படுத்துதல்: சான்றுகள் காட்டும் வழி' என்று ஒரு நாள் பயிற்சி. பணியாளர் எல்லாரும் ஒன்றாக இருக்கும் நாள் சனிக்கிழமைதான், ஏனென்றால் அன்றுதான் பார்வையாளர் வருவார்கள். எல்லாரும் உட்காரும் அளவுக்கு இடமும் மின்விசிறியும் உள்ள அறை பார்வையாளர் கூடம்தான். ஆகவே சனிக்கிழமை, பார்வையாளர் கூடத்தில். ஆகவே அன்று பார்வையாளர் கிடையாது.

அவள் கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள். "சார், குடும்பம் வரணும்னு பாடம் நடத்துறதுக்குக் குடும்பத்தையே வெளிய நிறுத்துறோமே."

"ஒரு வாரந்தானேம்மா. அடுத்த வாரம் பாத்துட்டுப் போறாங்க. இதெல்லாம் உங்க நோட்டால வந்த மரியாதை. நிகழ்ச்சி நிரல்ல உங்களுக்கு என்ன போட்டிருக்கு பாத்தீங்களா? கள வல்லுநர்!"

பார்த்தாள். மறைப்பானேன், இரண்டு முறை பார்த்தாள். பதவி உயர்வு இல்லாத இருபத்தைந்து வருஷத்தில் அவளை யாரும் எதிலும் வல்லுநர் என்று சொன்னதில்லை. வீட்டுக்குப் போய்ப் புடவையை இஸ்திரி போட்டாள்.

சந்திப்பு ஏன் இல்லை என்று வாசல் காவலருக்கு அலுவலகம் சொல்லியிருக்கும் என்று அவள் நினைத்தாள். அவள் சொல்லியிருப்பாள் என்று அலுவலகம் நினைத்தது. 'யாராவது சொல்லியிருப்பார்கள்' என்பவர் எல்லா அலுவலகத்திலும் வேலை பார்க்கிறார், வருகைப் பதிவில்தான் அவர் பெயர் இருக்காது.

சனிக்கிழமை காலை முள்ளு தலை சீவி, சட்டையின் மேல் பொத்தானையும் போட்டு நின்றாள். டிக்கம்மா விஷயத்தைச் சொன்னாள். குத்துவாள் என்று நினைத்தாள். குத்தவில்லை.

"அடுத்த வாரமா? சரி. நான் வரேன்னு சொன்னத மட்டும் அவருகிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன்டி."

"மறந்துடாதீங்க."

"நான் மறப்பேனா?"

வழக்கமாக லாரி வரும் நேரம் பதினொன்று. அதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று கதவோரம் உட்கார்ந்தாள். வரவேற்புரை, அதற்கு நன்றியுரை, பேராசிரியரின் ஏழு நிறம் எல்லாம் ஆயிற்று. பத்தே முக்காலுக்குப் பேராசிரியர், "இப்ப நம்ம கள வல்லுநர் மேடைக்கு வரணும்" என்றார். சந்திப்பை நடித்துக் காட்டும் பயிற்சியாம். டிக்கம்மா தாய். கோபித்துக்கொண்ட மகளாக யார் நடிப்பது என்று கேட்டபோது யாரும் எழவில்லை. முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று கண்காணிப்பாளரே எழுந்தார்.

அரையடி மீசையோடு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். கூடமே சிரித்தது.

"பேசும்மா, பொண்ணுகிட்ட பேசு" என்றார் பேராசிரியர்.

"எப்படிம்மா இருக்க?" என்றாள் டிக்கம்மா. ஜன்னல் வழியே மதில் ஓரம் லாரி வந்து நிற்பது தெரிந்தது.

"போ, நான் உங்கூட டூ" என்றார் கண்காணிப்பாளர், குரலை மெல்லிசாக்கி. பின்வரிசையில் ஒருவர் நாற்காலியிலிருந்து விழாத குறை.

"சார், எனக்கு ஒரு அஞ்சு நிமிஷம்..."

"அருமை! அந்தத் தவிப்பு அப்படியே இருக்கட்டும். பாத்தீங்களா, கண்ணு கலங்குது. இதைத்தான் உணர்வு ஒன்றுதல்னு சொல்றோம்."

மகள் மனம் மாற இருபது நிமிஷம் ஆயிற்று. கண்காணிப்பாளருக்கு நடிப்பு பிடித்துப்போய்விட்டது. கடைசியில் 'அம்மா' என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டபோது கைதட்டல் ஓயவில்லை. டிக்கம்மா கையை உருவிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். மதில் ஓரம் தார் ரோட்டில் தண்ணீர் சொட்டிய ஈரம் மட்டும் இருந்தது. இந்த முறை அவர் அரை மணி நேரம் உட்காரவில்லை.

மாலையில் முள்ளு கேட்டாள். "சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றாள் டிக்கம்மா. அடுத்த சனிக்கிழமைக்குள் சரிக்கட்டிவிடலாம் என்று தோன்றியது.

"என்ன சொன்னார்?"

"என்ன சொல்வார்? சந்தோஷந்தான்."

முள்ளு அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை பேராசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். பதிவேட்டின் பக்கங்கள் வாரம்தோறும் படமாக அவருக்குப் போகும். "என்னம்மா இது அதிசயம்? சனிக்கிழமை வந்தது பத்தொன்பது குடும்பம். பத்தொன்பதுக்கும் மூணு! நூத்துக்கு நூறு மறுப்பு! இப்படி ஒரு எண்ண நான் பாத்ததே இல்ல. இதுக்குத் தனி அத்தியாயமே எழுதணும்."

அவள் வாசலுக்குப் போனாள்.

"ஏண்ணே, எல்லாத்துக்கும் மூணு போட்டிருக்கீங்க?"

"வேற என்னத்தம்மா போடுறது?" என்றார் வாசல் காவலர். "உள்ள விடாதேன்னு மட்டுந்தான் எனக்கு ஆர்டர். கட்டத்தக் காலியா விடக்கூடாதுன்னு அச்சடிச்சிருக்கு. பிள்ளைங்க கோர்ட்டுக்கும் போகல, காய்ச்சலும் இல்ல. நாலுன்னு ஒண்ணு இருந்தா போட்டிருக்க மாட்டேனா?"

"லாரிக்காரர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"எழுதினதத்தானே சொல்லணும். பொண்ணு பாக்க மாட்டேன்னுட்டான்னு சொன்னேன். வாரா வாரம் கேக்குறதுதானே. கையெழுத்துப் போட்டுட்டு நேரா லாரிக்குப் போயிட்டார். ஏறினவர் இறங்கி வந்து பேனாவக் குடுத்தார். கையிலயே வெச்சிருந்திருக்கார், பாவம்."

டிக்கம்மா கண்காணிப்பாளரிடம் போய், முள்ளுவின் அப்பாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடலாமா என்று கேட்டாள். குடும்பத்தாருடன் தொலைபேசித் தொடர்புக்கு மேலதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். மேலதிகாரி தகவல் தொடர்புப் பயிற்சிக்குப் போயிருந்தார். "எழுதிக் குடுங்க, அனுப்புறேன். எப்படியும் சனிக்கிழமை வரப்போறார்தானே" என்றார் கண்காணிப்பாளர். எழுதிக் கொடுத்தாள். எண் அவள் நோட்டில் இருந்தது, கைப்பேசி கைப்பையில் இருந்தது. செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. விதியை மீறிப் பழக்கமில்லாத கை, பைக்குள் போய்ப் போய்த் திரும்பியது.

வியாழக்கிழமை மதியம் ஓட்டுநர் லாரியை ரோட்டோரம் ஒதுக்கி, கைப்பிரேக் போட்டு, இன்ஜினையும் அணைத்துவிட்டு, ஸ்டியரிங்மேல் தலை சாய்த்தார். ஒருத்தர் மேலும் உரசவில்லை.

சாவு வீட்டுக்குப் போக அனுமதி மட்டும் அரை நாளில் வந்துவிட்டது. ஒரு மணி நேரம், இரண்டு பணியாளர் உடன் செல்ல வேண்டும். டிக்கம்மாவும் வாசல் காவலரும் போனார்கள். வண்டியில் முள்ளு டிக்கம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டே வந்தாள். "நான் வரேன்னு தெரிஞ்சுதான போனார்" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று டிக்கம்மாவுக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

ஒற்றை அறை வீடு. நடுவில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவருடைய அக்கா. முள்ளுவைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"வாடி என் மருமகளே! இப்ப வழி தெரிஞ்சுதா? போன சனிக்கிழமை வந்து இந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்தான். சோறு வேணாம்னுட்டான். இன்னைக்கும் மாட்டேன்னுட்டாக்கா, இனிமே போகலக்கா, நான் போறதே அவளுக்குத் தண்டனைபோல இருக்குன்னான். மூஞ்சியக் காட்டினா தேஞ்சா போயிடுவ?"

முள்ளு அத்தையைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பி டிக்கம்மாவைப் பார்த்தாள்.

"சொன்னேன்னீங்களே."

இல்லத்தின் உள்விவகாரங்களை வெளியாரிடம் பேசக்கூடாது என்பது விதி. வாசல் காவலர் இருமினார். டிக்கம்மா அவர் பக்கம் திரும்பவில்லை.

"அவ மாட்டேன்னு சொல்லல" என்றாள் அத்தையிடம். "வரேன்னுதான் சொன்னா. தல சீவிக்கிட்டு நின்னா. எங்களுக்குக் கூட்டம் இருந்துச்சு. கதவ மூடினது நாங்க. மாட்டேன்னுட்டான்னு பொய் சொன்னதும் நாங்க. அவருகிட்ட சொல்லிட்டேன்னு இவகிட்ட பொய் சொன்னது நான்."

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். இஸ்திரி போட்ட புடவை.

"இத எங்கிட்ட எதுக்கும்மா சொல்ற?" என்றாள் அத்தை. கத்தவில்லை. "அவன்கிட்ட சொல்லு. அந்தா, அங்கதான் படுத்திருக்கான்."

டிக்கம்மா நிஜமாகவே ஓர் அடி எடுத்து வைத்தாள். முள்ளு குறுக்கே வந்தாள்.

"தள்ளுங்க. நானே சொல்லிக்கிறேன்."

அப்பாவின் காதோரம் குனிந்து உட்கார்ந்துகொண்டாள். உதடு அசைந்தது. சொன்னாளா, கேட்க நினைத்ததைக் கேட்டாளா, யாருக்கும் தெரியாது. இடையிடையே நிறுத்தினாள், பதிலுக்கு இடம் விடுவதுபோல. வாசல் காவலர் நேரமாகிவிட்டது என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்ல அவருக்கே மனம் வரவில்லை.

திரும்பும்போது முள்ளு முன்னால் போய் வாசல் காவலர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அப்பாவிடம் பொய் சொன்னவர் அவர். ஆனால் அவளிடம் பொய் சொல்லவில்லை. பின்னிருக்கை முழுவதும் டிக்கம்மாவுக்குக் கிடைத்தது.