பெர்சியாளுக்குப் பிறகு

சுதேஷ் சபைக்குள் ஒரு கதிரையில் ஏறி நின்று, லவன் திரையாகக் கட்டியிருந்த வெள்ளைத் துணியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். துணிக்குக் கீழே பெட்டி. பெட்டிக்குள் அவன் மனைவி கஜாலினி. முப்பத்தொரு வயது. விரல் மெலிந்துவிட்டதால் மோதிரம் கழன்று விழாமல் நூல் சுற்றியிருந்தது.

அவளுடைய தம்பி லவன் மடிக்கணினியோடு கீழே நின்றான்.

“ஆறு நிமிசந்தான் அத்தான். அக்கான்ர சின்ன வயசுப் படங்களும் கிடக்கு. கொழும்பில இருந்து வரேக்க வாகனத்துக்குள்ள இருந்து செய்தனான்.”

“வேண்டாம் லவன்.”

“படமும் காட்டக்கூடாது, அவவைப் பற்றிக் கதைக்கவும் கூடாது. இது செத்த வீடோ, பள்ளிக்கூடச் சோதனை மண்டபமோ?”

சுதேஷ் இறங்கி, துணியை நாலாக மடித்து அவனிடம் கொடுத்தான்.

ஹந்தானைக்கு ஏறும் வீதியிலிருந்த அந்தச் சின்னச் சபையில், வேதத்தில் இல்லாத எதுவும் ஆராதனைக்குள் வருவதில்லை. சங்கீதங்களை வாத்தியமில்லாமல் பாடுவார்கள். ஞாயிறுதோறும் ஓர் அதிகாரம், வரிசை மாறாமல், ஒரு வசனமும் விடாமல் வாசிப்பார்கள். இறந்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. கண்டியின் மற்றச் சபைகளுக்கு மேளமும் திரையும் வந்தபோது பாதிப்பேர் அங்கே போய்விட்டார்கள். மிஞ்சிய இருபது பேரில் சிலர் ஒரு கீபோர்டாவது வாங்கலாமே என்றபோது எழுந்து நின்று மறுத்தவள் கஜாலினி. ஆண்டவர் கேட்காததை நாங்கள் ஏன் கொடுக்கவேணும் என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் தெளிவாக இருந்த கடைசி நாளிலும் அதைத்தான் சொன்னாள்.

“எனக்காக ஒண்டும் கூட்டக்கூடாது. சரியோ?”

அவன் ஓம் என்றிருந்தான்.

அதற்குப் பிறகு இரண்டு நாட்களாக அவள் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. உடலைப் பொடி என்றார்கள்; பொடி எத்தனை மணிக்கு வரும், பொடிக்கு எந்தச் சாரி என்றுதான் கேட்டார்கள். யாராவது ஒரே ஒரு முறை, எல்லாருக்கும் கேட்கும்படி, அந்தப் பெயரைச் சொன்னால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

போதகர் ராஜலிங்கம் தெல்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து, குடையை மடக்கியபடி அவனைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, காலம் மாறிருச்சு. அந்தப் புள்ளையப் பத்தி நானே ரெண்டு வார்த்த பேசுறேன். ஆண்டவர் கோவிக்க மாட்டாரு.”

சுதேஷுக்குச் சரி என்று சொல்ல ஒரு நொடி போதும்.

“அவ கோவிப்பா, பாஸ்டர்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அப்படியானால் இன்றைய அதிகாரத்தையாவது மாற்றுவோம் என்றார். ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரம்; பாதிக்கு மேல் வெறும் பெயர்கள். சாவு நேரத்தில் ஆறுதலாக ஏதாவது வாசிக்க வேண்டாமா என்று கேட்டார்.

கதவில் வாசிப்பவர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. கஜாலினியின் கையெழுத்து. இன்றைய ஞாயிறுக்கு நேரே தன் பெயரையே எழுதியிருந்தாள். பெயர்கள் நிறைந்த அதிகாரங்களுக்கு மற்றவர்கள் பயப்படுவதால் அவற்றை எப்போதும் அவளே எடுத்துக்கொள்வாள்.

ஒருமுறை அப்படியொரு அதிகாரம் அவன் தலையில் விழுந்தது. வாயில் நுழையாத பெயர்களைத் தாண்டி வாசித்து முடித்தான். திரும்பும்போது பஸ் மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு வந்ததும் அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“ஆறு பேரை விட்டிட்டீங்கள்.”

“ஆருக்குத் தெரியும்?”

“அந்த ஆறு பேருக்கும் தெரியும்.” பிறகு தோளால் அவனை இடித்தாள். “நாளைக்கு என்ட பேரையும் நுழையேல்லை எண்டு விட்டிடுவீங்களோ?”

“நான் வாசிக்கிறன்,” என்றான் போதகரிடம்.

சங்கீதம் பாடி முடிந்தது. அவள் நிற்குமிடத்தில் நின்று புத்தகத்தைத் திறந்தான். முதல் நாலு பெயர்களுக்கு மேலே பென்சிலால் சின்னக் கோடுகள், எங்கே மூச்சு விடவேண்டும் என்று. அதற்குமேல் அவளால் பயிற்சி செய்ய முடிந்திருக்கவில்லை. பெபேயாள். பிரிஸ்கில்லாள். ஆக்கில்லா. விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தான். அந்திரோனீக்கு, யூனியா, உர்பான். ஒருவரையும் விடவில்லை. கர்த்தருக்குள் பாடுபட்ட பெண்கள் வந்தார்கள். திரிபேனாள். திரிபோசாள். பெர்சியாள்.

விரல் நின்றது. அடுத்ததாகக் கஜாலினி என்று கூட்டிச் சொல்ல ஒரு மூச்சுப் போதும்.

வெளியே ஒரு பஸ் மேட்டில் கியர் மாற்றி ஏறிப்போனது. பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து, மூடிய மடிக்கணினியை மடியில் வைத்திருந்த லவன் தலையை உயர்த்தி அவனைப் பார்த்தான். போதகரும் பார்த்தார்.

விரலுக்கு அடுத்து அச்சிலிருந்த பெயர் ரூபு.

சுதேஷ் அதை வாசித்தான்.