கண்ணாடியில் ஒரு வெள்ளை

ஆனி பிறந்தும் ஒரு வாரம் மழை ஏமாற்றிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு காலையில் மலை மறைந்து சாரல் இறங்கியதும், தென்காசி ரயில் நிலையத்தின் முன்னால் வரிசையாக நின்ற வாடகைப் பிளசர் கார்களுக்கெல்லாம் உயிர் வந்தது. சிவசைலத்தின் வண்டியில் மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஏறியது. குற்றாலத்துக்குப் போகும் பாதை அவனுக்கு வீட்டு முற்றம் மாதிரி. இருந்தும் அன்று மேலகரம் தாண்டுவதற்குள் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி, இறங்கி, முன் கண்ணாடியைத் துண்டால் துடைத்தான். பின்னால் இருந்த பெரியவர், "என்ன டிரைவர், கோளாறா?" என்று கேட்டார். "வைப்பர் சரியில்ல சார்" என்றான்.

அவர்களை அருவிப் பக்கம் இறக்கிவிட்டு நேரே துல்கர்னைனின் பட்டறைக்கு வந்தான்.

"ஏலே துல்கரு, வைப்பர் ஆடுது, ஆனா தொடைக்க மாட்டேங்குலே. கண்ணாடில வெள்ளையா ஒண்ணு படிஞ்சி நிக்கி."

"ரப்பர் காஞ்சிருக்கும். நிறுத்து, பாக்கேன்" என்றான் துல்கர்னைன்.

யுத்த காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிய செங்கோட்டை பஸ்ஸில் இரண்டு பேரும் கிளீனர்களாக இருந்தவர்கள். கரிப் புகையில் கறுத்த முகத்தோடு ஒரே டீயைப் பங்கிட்டுக் குடித்தவர்கள். பின்னால் ஒருவன் டிரைவர் ஆனான், இன்னொருவன் மெக்கானிக் ஆனான். மலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது தன் பழைய சீமைக் காரை விற்கப்போகிறார் என்ற செய்தியைக் கொண்டுவந்தவனே துல்கர்னைன்தான். எஞ்சினில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கண்ண மூடிக்கிட்டு வாங்குலே. நான் இருக்கேன்" என்றான். அப்போதிருந்து வண்டியில் வேறு யாருடைய ஸ்பானரும் பட்டதில்லை.

பழைய ரப்பர் உண்மையிலேயே காய்ந்து வெடித்திருந்தது. துல்கர்னைன் புது ரப்பர் போட்டுக் கொடுத்தான். மறுநாள் மத்தியானம் சிவசைலம் திரும்ப வந்து நின்றான்.

"அப்படியேதான்டே இருக்கு."

ரப்பரைத் தாங்கும் கை கண்ணாடியில் சரியாக அழுந்தவில்லையோ என்று துல்கர்னைன் ஸ்பிரிங்கை இறுக்கினான். அதற்கும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு மேலே சின்னத் தகரப் பெட்டி போல இருந்த மோட்டாரைத் திறந்து, தேய்ந்த கார்பன் கட்டையை எடுத்துவிட்டுப் புதுசு போட்டான். பாட்டரியிலிருந்து வேறு வயர் இழுத்தான். பட்டறைக்குள் வாளித் தண்ணீரைக் கண்ணாடிமேல் ஊற்றி ஓடவிட்டால் வைப்பர் ஒரே வீச்சில் துடைத்தது. சாரலில் இறங்கினால் சிவசைலத்துக்கு மறுபடியும் அந்த வெள்ளை தெரிந்தது.

ரயிலடியில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். புகையிலையை நனைத்துத் தேய்த்தான். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தான். சாம்பல் போட்டுக் கழுவினான். காலையில் சவாரிக்குப் போகுமுன் மனைவி முத்துவடிவு வாளியும் துணியுமாக வந்து கூடவே நின்று துடைத்தாள். கண்ணாடி பளபளவென்று இருந்தது. "இப்பம் நல்லாருக்கா?" என்று அவன் கேட்டால், "நல்லாருக்கு" என்பாள்.

கடைசியில் கண்ணாடியே கீறல் விழுந்து மங்கிவிட்டது என்று முடிவு செய்தான். மதுரையிலிருந்து புதுக் கண்ணாடி வந்து சேரும்வரை வண்டி சும்மா நின்றது. வருஷம் முழுவதற்கும் சம்பாதிக்கிற மாதங்களில் மற்ற வண்டிகள் கூட்டம் கூட்டமாக ஆட்களை ஏற்றிப் போவதை அவன் ரயிலடி வேப்ப மரத்தின்கீழ் நின்று பார்த்தான். புதுக் கண்ணாடி மாட்டிய அன்று நல்ல சாரல். இலஞ்சி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தான். பட்டறையில் இரண்டு பஸ் டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருப்பதை அவன் பார்க்கவில்லையோ, பார்த்தும் பொருட்படுத்தவில்லையோ, உள்ளே வந்ததும் சத்தம் போட்டான்.

"எம்பொழப்ப வச்சி வெளயாடுதியாலே? பழைய கார்பனத் தொடைச்சி மாட்டிட்டுப் புதுசுன்னு சொல்லுத. என்னயவே ஏமாத்துதியா?"

டீ குடித்தவர்கள் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். துல்கர்னைன் கைகளைக் கந்தலில் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"வண்டிய எடு. நானும் வாரேன்" என்றான்.

மேலகரம் வந்தபோது தூறல் வலுத்தது. சிவசைலம் ஸ்டீரிங்கின்மேல் கவிந்து, தாடையை முன்னால் நீட்டி ஓட்டினான். பக்கத்தில் இருந்த துல்கர்னைன் வைப்பரையே பார்த்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு வீச்சுக்கும் கண்ணாடி சுத்தமாகத் திறந்தது. நனைந்த ரோடு தெரிந்தது. புளிய மரங்கள் தெரிந்தன. மழைக்குத் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு போகிற பெண் தெரிந்தாள். இடது பக்க வண்டிப் பாதையில் பலாப்பழம் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று ரோட்டை நோக்கி மெல்ல வந்துகொண்டிருந்தது.

"பாத்தியா? பால ஊத்துன மாதிரி இருக்குல்லா?" என்றான் சிவசைலம்.

மாட்டுவண்டி ரோட்டில் ஏறியது. சிவசைலம் வேகத்தைக் குறைக்கவில்லை. துல்கர்னைன் எட்டி ஸ்டீரிங்கைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தான். கார் மாடுகளின் மூக்கை உரசுகிற மாதிரிப் போய், ரோட்டோரச் சேற்றில் இறங்கி நின்றது. வண்டிக்காரன் கெட்ட வார்த்தையில் வைதான்.

"எங்கருந்துலே வந்தான் இவன்? கண்ணுமுன்னால ஒண்ணுமே இல்லியே" என்றான் சிவசைலம்.

துல்கர்னைன் மாட்டுவண்டியைத் திரும்பிப் பார்த்தான். அந்த வண்டி அத்தனை நேரமும் கண்ணுக்கு முன்னால்தான் வந்துகொண்டிருந்தது.

"மோட்டார்லதான் கோளாறு" என்றான். தன் குரல் தனக்கே வேறு ஆள் குரல் மாதிரிக் கேட்டது. "முழுசாக் கழத்திப் பாக்கணும். நவுரு, நான் ஓட்டுதேன். மோட்டார் சத்தத்தக் கேக்கணும்."

பட்டறைக்கு வந்ததும் மோட்டாரைக் கழற்றி மேசையில் வைத்தான். மதுரையிலிருந்து ஒரு சாமான் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டு, சிவசைலம் ரயிலடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவன் வீட்டுக்குப் போனான். முத்துவடிவு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"தங்கச்சி, வைப்பர்ல ஒரு கோளாறும் இல்லம்மா. அவன் கண்ணு..."

"தெரியும்ணே" என்றாள்.

அவன் வாசல்படியில் உட்கார்ந்தான்.

"சித்திரையிலேயே தெரியும். மோர தம்ளருக்கு வெளிய ஊத்துதாங்க. வாசல்ல கெடக்க செருப்பக் காலால தேடுதாங்க. ஒரு நாளு, வெளக்கச் சுத்திக் கலர் கலரா வளையம் தெரியுதே, ஒனக்குந் தெரியுதான்னு கேட்டாங்க. எனக்குந் தெரியுதுன்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"வேற என்னண்ணே சொல்லுவேன்? அந்த வண்டி இல்லன்னா அவுக என்ன ஆவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா? தானா சரியாயிரும்னு நெனச்சேன். ஒவ்வொரு நாளும் வண்டி திரும்பி வாரவரைக்கும் சோறு எறங்காது எனக்கு."

"நான் சொல்லட்டா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். வேண்டாம் என்கிறாளா, சரி என்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

அவனாலும் சொல்ல முடியவில்லை. சிவசைலம் தினமும் காலையில் பட்டறைக்கு வந்தான். மதுரையில் சாமான் இல்லையாம், மெட்ராஸிலிருந்து வரணுமாம் என்றான் துல்கர்னைன். லாரியில் அனுப்பிவிட்டார்களாம், வந்துகொண்டிருக்கிறதாம் என்றான். ஓட்டவிடாமல் வண்டியை நிறுத்தி வைத்தால் போதும், எப்படியாவது பக்குவமாகச் சொல்லிக் கண் டாக்டரிடம் கூட்டிப் போய்விடலாம் என்று அவன் எண்ணம். ஆனால் காலையில் சிவசைலம் வந்து, "வந்துட்டா?" என்று கேட்கும்போது, "நாளைக்கு வந்துரும்" என்றுதான் வாயில் வரும். அன்று சத்தம் போட்டதற்கு மன்னிப்பு மாதிரி சிவசைலம் வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கி வந்தான். அதைத் தின்பது துல்கர்னைனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஆடி பாதியானபோது ஒரு வெள்ளிக்கிழமை, துல்கர்னைன் பள்ளிவாசலுக்குத் தொழப் போயிருந்த நேரத்தில் சிவசைலம் வந்தான். மேசையில் மோட்டார் முழுசாகப் பூட்டி இருந்தது. தடவிப் பார்த்தான். கழற்றிய அடையாளமே இல்லை. பக்கத்தில் கிடந்த பாட்டரியில் இரண்டு வயரையும் தொட்டு வைத்தான். மோட்டார் ஒரு விக்கலும் இல்லாமல் ஓடியது.

துல்கர்னைன் திரும்பி வந்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. சிவசைலம் ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓடுதே" என்றான்.

"ஆமா."

"எப்பம்லேருந்துலே ஓடுது?"

துல்கர்னைன் தலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"கார்பன் மாத்துன நாள்லேருந்தே நல்லாத்தான்டே ஓடுது, சைலம். அதுக்கு முன்னாலயும் பெருசாக் கோளாறு இல்ல."

சிவசைலம் வயரைப் பிரித்தான். சத்தம் நின்றது. வெளியே சாரல் தகரக் கூரையில் பொடிப்பொடியாக விழுந்தது.

"அப்பம் அந்த மாட்டுவண்டி?"

"ரொம்ப நேரமா வந்துக்கிட்டு இருந்துது."

"நீ பாத்த."

"பாத்தேன்."

சிவசைலம் எழுந்தான். வாசல் நிலையில் தோள் இடித்தது. அதைத் தடவிக்கொண்டே மழைக்குள் நடந்தான். துல்கர்னைன் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். "வராத" என்றான் சிவசைலம், திரும்பிப் பார்க்காமலே. துல்கர்னைன் விரிக்காத குடையோடு ரோட்டில் நின்றான்.

பாளையங்கோட்டையில் கண் டாக்டர் ரொம்ப நேரம் சோதித்தார். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறி, நரம்பை அரித்துவிட்டது என்றார். ஓரப் பார்வை இரண்டு கண்ணிலும் போய்விட்டது. போனது திரும்பாது. மீதி இருக்கிறதைக் கொஞ்ச காலம் காப்பாற்றச் சொட்டு மருந்து எழுதித் தருகிறேன், வண்டி இனிமேல் ஓட்டக் கூடாது என்றார். பிறகு, "வெளக்கச் சுத்தி வளையம் தெரிஞ்சப்பவே வந்திருக்கலாமே. ஒரு நாலஞ்சு மாசம் முன்னால வந்திருந்தா எவ்வளவோ மிஞ்சியிருக்கும்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். முத்துவடிவு சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் ஆலங்குளம் தாண்டியது. பஸ் ஜன்னல் ஓரமாக அவன் இருந்தான். மழை இல்லை. வெயில் அடித்தது.

"வளையம் ஒனக்கும் தெரியுதுன்னு சொன்னல்லா" என்றான்.

"சொன்னேன்."

"தெரியலன்னு சொல்லியிருந்தா பயந்திருப்பேன். பயந்துபோயி அன்னைக்கே வந்திருப்பேன்."

திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் ஒரு கணக்கைச் சரிபார்க்கிற மாதிரிச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் பஸ்ஸில் இத்தனை பேர் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழுதாள். கொஞ்ச தூரம் போனபின் அவன் கை வந்து அவள் முழங்கையைத் தேடிப் பிடித்தது. அப்படியே தென்காசிவரை பிடித்திருந்தான்.

காருக்கு ஆள் பார்த்து விற்றுக் கொடுத்தது துல்கர்னைன்தான். பேச்சு முழுக்க முத்துவடிவு மூலமாகவே நடந்தது. வாங்கியவர் வண்டியை எடுத்துப் போன அன்று சிவசைலம் காலையிலேயே மகள் வீட்டுக்கு, வாசுதேவநல்லூருக்குப் போய்விட்டான். பட்டறைப் பக்கம் அதன்பின் அவன் போகவில்லை. "அவன்மேல எனக்குக் கோவம் இல்லட்டி. அவன் மொகத்தப் பாத்தா அன்னைக்கு நான் ஏசுனதுதான் ஞாபகம் வருது" என்று ஒரு தடவை முத்துவடிவிடம் சொன்னான். அவள் அதைத் துல்கர்னைனிடம் போய்ச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று பிற்பாடு பல தடவை நினைத்தாள்.

முத்துவடிவு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டாள். சிவசைலம் மாவாட்டினான். அதற்குக் கண் தேவைப்படவில்லை. மருந்து விட்டும் பார்வை வருஷத்துக்கு வருஷம் ஒடுங்கி, கடைசியில் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஆயிற்று. பிறகு அந்தக் குழாய்க்குள்ளும் புகை மூடியது.

ஆறேழு வருஷம் கழித்து ஒரு காலையில் துல்கர்னைன் கடைக்கு வந்தான். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, உரலுக்கு எதிரே வந்து நின்றான். சிவசைலம் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே, "உக்காருங்க அண்ணாச்சி, இட்லி வெந்துக்கிட்டிருக்கு" என்றான்.

முத்துவடிவு அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"சைலம், நான்தான்டே."

குழவி நின்றது. மாவு ஒட்டிய கையை சிவசைலம் வேட்டியில் துடைத்தான். "வா" என்றான். "உக்காரு."

துல்கர்னைன் தரையிலேயே உட்கார்ந்தான். அடுத்த மாதம் மகளுக்கு நிக்காஹ், கடையநல்லூர் மாப்பிள்ளை என்றான். ரெண்டு பேரும் வந்துவிட வேண்டும் என்றான். வாரோம் என்றான் சிவசைலம். மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டான். அரிசிக் கடை என்றான் துல்கர்னைன். மழை எப்படி என்று பேசினார்கள். இட்லி வந்தது, துல்கர்னைன் தின்றான். இரண்டு பேரும் காரைப் பற்றிப் பேசவில்லை. எழுந்திருக்கும்போது துல்கர்னைன் குனிந்து சிவசைலத்தின் தோளில் கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் நின்றான். பிறகு முத்துவடிவிடம் தலையசைத்துவிட்டு வெளியே போனான்.

காலடிச் சத்தம் ஓயும்வரை சிவசைலம் குழவியைத் தொடவில்லை.

"ஏட்டி முத்து."

"என்ன?"

"அவன் தாடி நரச்சிட்டா?"

அவள் சொல்லலாமா என்று யோசித்தாள்.

"நரச்சிட்டு. முழுசும்" என்றாள்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டு குழவியைச் சுற்ற ஆரம்பித்தான்.