குண்டு மெஷினுக்குள் ஒரு மைக்

ஜியாவுதீன் குண்டு மெஷினின் வயிற்றுக்குள் தலையை விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வெளியே நின்று பார்த்தவர்களுக்கு அவருடைய லுங்கியும் இரண்டு குதிகால்களும் மட்டும்தான் தெரிந்தன. கூடாரத்துக்கு வெளியே மூங்கில் கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்கள் இரண்டும் ‘ங்ஙொய்ய்ய்’ என்று மூச்சு விடாமல் இரைந்துகொண்டிருந்தன.

எழுபத்து மூன்றாம் வருஷத்துக் கருட சேவைக்காகச் சின்ன காஞ்சிபுரத்தில் போட்டிருந்த பொருட்காட்சி அது. கான்ட்ராக்டர் பஞ்சாட்சரம் அதற்குள் மூன்று தடவை வந்து போய்விட்டார். மூன்றாவது தடவை குனிந்து, குதிகால்களைப் பார்த்துப் பேசினார்.

“பாய், ஆறு மணிக்கு ஜனம் வந்துரும். அதுக்குள்ள இந்தச் சத்தம் நிக்கலன்னா மெஷினை மாட்டு வண்டியில ஏத்திடுங்க. பக்கத்துல ஜோசியக் கிளி கூண்டை விட்டே வரமாட்டேங்குது. ஜோசியக்காரன் என் கால்ல விழுந்து அழுவறான்.”

ஜியாவுதீன் ரேடியோ ரிப்பேர்க்காரர். காஞ்சிபுரத்தில் அவர் கை வைத்து வாய் மூடாத ரேடியோ இல்லை, வாய் திறக்காத ரேடியோவும் இல்லை. ஆனால் இது ரேடியோ இல்லை. சென்னையில் ஏதோ ஒரு வெள்ளைக்கார கிளப்பை மூடியபோது ஏலத்தில் வந்த சாமான். நான்கு கால், மேலே கண்ணாடி, உள்ளே ஓர் இரும்புக் குண்டு. ஒரு பிடியை இழுத்து விட்டால் குண்டு மேலே ஓடி, மணிகளில் முட்டி, விளக்குகளை எரிய வைத்து, பாயிண்ட் எண்ணைக் கூட்டிக்கொண்டு இறங்கும். பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் பொத்தான்களை அமுக்கி, அது கீழே உள்ள குழியில் விழாமல் தட்டித் தட்டி ஏற்ற வேண்டும். பிள்ளையார்பாளையத்து வேணுகோபால் அதைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கி, வீட்டிலிருந்த இரண்டு தறிகளில் ஒன்றை விற்று இதை வாங்கிவிட்டான். அதோடு விட்டானா? மணிச் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்க வேண்டும் என்று பெட்டிக்குள் ஒரு மைக்கை வைத்து, ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் மாட்டினான். மணிச் சத்தம் கேட்கவில்லை. இரைச்சல் கேட்டது.

தறியை விற்ற அன்றிலிருந்து அவன் மனைவி வடிவாம்பாள் அவனோடு பேசுவதில்லை. நான்கு மாதமாகிறது. சோறு போடுவாள், வேட்டி துவைப்பாள், பொருட்காட்சிக்கும் கூட வந்து டிக்கெட் கிழிக்க உட்கார்ந்திருந்தாள். வார்த்தை மட்டும் கிடையாது. சொல்ல வேண்டியது எதுவானாலும் மூன்றாவது ஆள் வழியாகத்தான் போகும். இன்றைக்கு அந்த மூன்றாவது ஆள் ஜியாவுதீன்.

“பாய், அவருக்கு டீ வேணுமான்னு கேளுங்க.”

வேணுகோபால் அவளிடமிருந்து இரண்டு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். பெட்டிக்குள்ளிருந்து ஜியாவுதீனின் குரல் வந்தது. “வேணு, டீ வேணுமான்னு கேக்கறாங்கபா.”

“வேணாம்னு சொல்லுங்க பாய்.”

“வேணாமாம்மா.”

“வேணாம்னா போவட்டும். காலையிலேர்ந்து வெறும் வயித்தோட நின்னுக்கினு இருந்தா தலை சுத்தும்னு சொல்லுங்க.”

பதினெட்டு வருஷத் தொழிலில் எத்தனையோ அறுந்த வயர்களை ஒட்டியிருக்கிறோம், நாமே வயராகக் கிடப்பது இதுதான் முதல் தடவை என்று ஜியாவுதீன் நினைத்துக்கொண்டார்.

கண்டென்சரை மாற்றிப் பார்த்தார். வால்வுகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். வெளியே குழி வெட்டி, எர்த் கம்பியைப் புதைத்து, ஒரு குடம் உப்புத் தண்ணீரை ஊற்றினார். ஒவ்வொன்றுக்கும் இரைச்சல் கொஞ்சம் சுருதி மாறியதே தவிர நிற்கவில்லை. கடைசியில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மைக்கிலிருந்து கிளம்பும் வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். போன விரல் ஓர் இடத்தில் நின்றது. மைக் வயரும் கரண்டு வயரும் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருந்தன. விரற்கடைக்கு ஒரு முடிச்சாக, அரக்கு நிறப் பட்டு இழையால் பெட்டியின் நீளத்துக்கும் கட்டியிருந்தது. ஒரு முடிச்சுகூடப் பிசகவில்லை.

“இது யாருபா கட்டினது?”

“நான்தான் பாய்,” என்றான் வேணுகோபால். “எப்டி இருக்குது?”

“அழகா இருக்குது. கரண்டு வயரையும் மைக் வயரையும் பொண்ணு மாப்பிள்ளை மாதிரி சேத்துக் கட்டி வெச்சிருக்கியே. அதான் இந்தக் கத்து கத்துது.”

“நல்லாக் கேட்டுக்கச் சொல்லுங்க பாய்,” என்றாள் வடிவாம்பாள்.

நாற்பது முடிச்சுகளையும் அறுத்தார். பையிலிருந்து, இரைச்சலை உள்ளே விடாத ஷீல்டு வயரை எடுத்து, மைக் இணைப்பைப் பெட்டியின் மறுபக்கமாகக் கொண்டுபோனார். ஸ்விட்சைப் போட்டதும் மைதானமே அமைதியாகிவிட்டது போலிருந்தது. ஜோசியக்காரன் கை தட்டுவது கேட்டது. வேணுகோபால் கண் கலங்கி, பாய்க்கு டீ வாங்கி வருகிறேன் என்று மைதானத்தின் அந்தக் கோடிக்கு ஓடினான்.

ஜியாவுதீன் மறுபடியும் தலையை உள்ளே விட்டு, திருகுகளை முடுக்க ஆரம்பித்தார். வடிவாம்பாள் எழுந்து வந்து கண்ணாடியின் மேல் முழங்கைகளை ஊன்றிக்கொண்டாள்.

“பாய், உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். வெளியில சொல்லிடாதீங்க.”

“சொல்லுங்கம்மா.” தன் குரல் எங்கோ தூரத்திலும் கேட்பதுபோல அவருக்குத் தோன்றியது. மரப்பெட்டியின் எதிரொலி என்று விட்டுவிட்டார்.

“தறியை வித்தது கூடப் பரவால்ல பாய். என்னை ஒரு வார்த்தை கேக்கலியே. கேட்டிருந்தா நானே வித்துட்டு வாங்குங்கன்னு சொல்லியிருப்பேன்.”

“என்னம்மா சொல்றீங்க?”

“மத்தியானம் அவரு குறட்டை விட்டுக்கினு இருப்பாரு. நான் வூட்ல தினம் இந்த மெஷின்ல ஆடுவேன். அவரு நாலாயிரம் பாயிண்ட் எடுத்துட்டு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறாரு. நான் ஒம்பதாயிரத்து எரநூறு எடுத்தேன் பாய்! அவருகிட்ட சொல்லணும்னு வாய் வரைக்கும் வருது. பேச்சை விட்டாச்சே, எப்டி சொல்றது?”

வெளியே மைதானத்தில் ஒரு பெரிய சிரிப்பு எழுந்து அடங்கியது. ஜியாவுதீனுக்கு எதுவோ உறைத்தது. நிமிர்ந்தார். பலகையில் தலை ‘ணங்’கென்று இடித்தது. அந்த ‘ணங்’ இரண்டு குழாய் ஸ்பீக்கரிலும் ஊருக்கே கேட்டது.

“யா அல்லா!” என்றார். அதுவும் கேட்டது.

வடிவாம்பாளின் முகம் வெளுத்துப்போனது. கூடாரத்து வாசலில் அதற்குள் ஐம்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேணுகோபால் வந்தான். கையில் டீ டம்ளர் இருந்தது.

“ஒம்பதாயிரமா?” என்றான்.

அவள் ஜியாவுதீன் பக்கம் திரும்பினாள். “பாய், அவருகிட்ட சொல்லுங்க…” என்று தொடங்கியவள் நிறுத்தினாள். பிறகு மெதுவாக அவன் முகத்தையே பார்த்தாள்.

“ஒம்பதாயிரத்து எரநூறு.”

“பொய்.”

“பொய்யா? நவுருங்க.”

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மெஷின் முன்னால் போய் நின்றாள். ஜியாவுதீன் அவசரமாக ஆம்ப்ளிஃபயரை அணைக்கக் கை நீட்டினார்.

“இருக்கட்டும் பாய்,” என்றான் வேணுகோபால்.

அவள் பிடியை இழுத்து விட்டாள். குண்டு மேலே ஏறி முதல் மணியில் முட்டியது. மைதானம் முழுக்க ‘டிங்’ என்று சுத்தமாகக் கேட்டது. பஞ்சாட்சரம் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்டூலின் மேல் ஏறினார். ஆயிரம் ஆயிற்று, இரண்டாயிரம் ஆயிற்று. குண்டு குழி வரைக்கும் வரும், அவள் விரல் அசையும், திரும்ப ஓடும். வேணுகோபால் எண்களைப் பார்த்தபடி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே குனிந்தான், இன்னும் குனிந்தான், மூக்கு கண்ணாடியில் முட்டும் வரை குனிந்தான். அவன் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது.

“மறைக்குதுங்க,” என்றாள் அவள், கண்ணை எடுக்காமல்.

அவன் டம்ளரை ஜியாவுதீன் கையில் கொடுத்துவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்து, குண்டு ஓடும் பக்கம் கை போகாதபடி ஒரு ஓரமாக நின்று கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.